எண்ணூருக்கு இன்னும் எவ்வளவு இடம் மிச்சம்?

கேள்வி இதுதான்: எண்ணூர் பக்கம் ஒரு புதிய திட்டத்துக்குக் கருத்துக்கேட்புக் கூட்டம் என்று பத்திரிகையில் அறிவிப்பு வந்திருக்கிறது. சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை அறுநூறு பக்கம். எங்கிருந்து படிக்கத் தொடங்குவது? வளர்ச்சிக்கு இயற்கை போடும் எல்லை ஒன்று உண்டு என்கிறார்களே, அது இந்த அறிக்கையில் எங்காவது இருக்கிறதா?

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இல்லை. தாக்க மதிப்பீடு கேட்பது "இந்தத் திட்டத்தால் எவ்வளவு கூடும்?" என்று மட்டும்தான். "கூடுவதற்கு இன்னும் எவ்வளவு இடம் மிச்சம்?" என்று அது கேட்பதில்லை. அறிக்கையைப் படிக்கும்போது இந்த இரண்டாவது கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு படித்தால், அறுநூறு பக்கத்தில் உண்மையில் பார்க்க வேண்டியது நாற்பது ஐம்பது பக்கம்தான் என்பது தெரியும்.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1986-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் (பாதுகாப்பு) சட்டத்தின் கீழ் முதல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை 1994-இல் வந்தது. இப்போது நடைமுறையில் இருப்பது 2006 செப்டம்பர் 14 அறிவிக்கை, அதற்குப் பிறகு வந்த ஏகப்பட்ட திருத்தங்களோடு. 500 மெகாவாட்டும் அதற்கு மேலும் உள்ள அனல்மின் நிலையம், ஆண்டுக்கு 50 லட்சம் டன்னும் அதற்கு மேலும் சரக்கு கையாளும் துறைமுகம், எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை எல்லாம் 'அ' பிரிவு; முடிவு டெல்லியில். சிறியவை 'ஆ' பிரிவு. முடிவு மாநில ஆணையத்தில். அந்த 'ஆ' பிரிவிலும் ஆ2 என்று வகைப்படுத்திவிட்டால் அறிக்கையும் கிடையாது, கூட்டமும் கிடையாது. மணலி போன்ற இடத்தில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: தொழிற்பேட்டைக்குள் அமைகிறது என்று காட்டிக் கருத்துக்கேட்பிலிருந்து விலக்கு வாங்குவார்கள். அந்தப் பேட்டைக்கே சுற்றுச்சூழல் அனுமதி இருக்கிறதா என்பதுதான் அப்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி.

இப்போது அறிக்கை. முன்னுரை, நிறுவனத்தின் வரலாறு, நாட்டுக்கு மின்சாரம் ஏன் தேவை என்ற அத்தியாயம் எல்லாவற்றையும் தள்ளிவிட்டு, காற்றுத் தர அட்டவணைக்குப் போங்கள். பெரும்பாலும் மூன்றாவது அத்தியாயத்தில் இருக்கும். எட்டுப் பத்து ஊர்ப் பெயர்கள், ஒவ்வொன்றுக்கும் எதிரே பிஎம் 10, பிஎம் 2.5 என்ற இரண்டு வகை நுண்தூசு, கந்தக டை ஆக்ஸைடு ஆகியவற்றின் அளவுகள். ஓர் ஊரில் பிஎம் 10 சராசரி கன மீட்டருக்கு 82 மைக்ரோகிராம் என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நான்காவது அத்தியாயத்தில், "திட்டத்தால் கூடுவது 1.4, மொத்தம் 83.4, அனுமதிக்கப்பட்ட வரம்பு 100, எனவே பாதிப்பு இல்லை" என்று முடித்திருப்பார்கள்.

இந்த ஒரு வரியில் மூன்று ஓட்டைகள் உண்டு. முதலாவது, 100 என்பது 24 மணி நேர வரம்பு. 2009-இல் வந்த தேசியக் காற்றுத் தர நிர்ணயத்தில் பிஎம் 10-க்கு ஆண்டு வரம்பு 60, பிஎம் 2.5-க்கு 40. ஒரு பருவம் முழுக்க எடுத்த அளவுகளின் சராசரியை ஒற்றை நாளுக்கான வரம்போடு ஒப்பிடுவது, மாதச் சம்பளத்தை ஒரு நாள் செலவோடு ஒப்பிடுகிற கணக்கு. ஆண்டு வரம்போடு வைத்துப் பார்த்தால், திட்டம் வருவதற்கு முன்பே 22 மைக்ரோகிராம் கடன். மிச்ச இடம் என்று ஒன்றும் இல்லை.

இரண்டாவது, அளவெடுத்த நாட்கள். ஆண்டுச் சராசரி என்று சொல்ல வேண்டுமானால் ஓர் இடத்தில் வாரத்துக்கு இரண்டு நாள் வீதம் ஆண்டுக்குக் குறைந்தது 104 அளவுகள் வேண்டும் என்று அதே நிர்ணயம் சொல்கிறது. தாக்க மதிப்பீட்டுக்கு மழைக்காலம் தவிர்த்த ஒரு பருவம் போதும் என்பதால், மூன்று மாதத்தில் 24 அளவோடு வேலை முடிந்துவிடும். அந்த மூன்று மாதம் எது என்று பாருங்கள். பெரும்பாலும் மார்ச் முதல் மே வரை. அந்தக் காலத்தில் நம் கரையில் பகலெல்லாம் தென்கிழக்கிலிருந்து கடல்காற்று. அத்திப்பட்டு அனல்மின் நிலையப் புகைபோக்கிகளின் புகை வடமேற்கே மீஞ்சூர், பொன்னேரிப் பக்கம் ஒதுங்கும். வெயிலில் தரை சூடாகிக் காற்று மேலெழும்புவதால் மாசு உயரே போய்க் கலையும். மார்கழி, தையில் கதை வேறு. வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து அடிக்கும். அதே புகை கத்திவாக்கம், எர்ணாவூர், மணலி மேல் இறங்கும். விடியற்காலையில் பனியோடு சேர்ந்து தரைமட்டத்திலேயே தேங்கி நிற்கும். பருவத்தைத் தேர்ந்தெடுத்ததிலேயே பாதி முடிவு எழுதியாகிவிட்டது. சரிபார்க்க வழி இருக்கிறது: மணலியில் தொடர் கண்காணிப்பு நிலையம் உண்டு, மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் தளத்தில் அதன் அளவுகளை யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். டிசம்பர், ஜனவரியை எடுத்து அறிக்கையின் எண்ணுக்குப் பக்கத்தில் வையுங்கள்.

மூன்றாவது ஓட்டைதான் பெரியது. 1.4 என்பது இந்த ஒரு திட்டம் சேர்ப்பது. பக்கத்தில் அனுமதி வாங்கி இன்னும் கட்டி முடிக்காதவை, கட்டி முடித்தும் அளவெடுத்த மாதங்களில் பழுதுக்காக நிறுத்திவைக்கப்பட்டவை, இரண்டுமே அந்த 82-இல் இல்லை. விண்ணப்பத்தின் படிவம் 1-இல் ஒன்பதாவது பகுதி இதற்காகவே இருக்கிறது: அதே வட்டாரத்தில் ஏற்கனவே உள்ள, இனி வரப்போகிற திட்டங்களோடு சேர்ந்து என்ன ஆகும் என்று கேட்கிறது. அங்கே "இல்லை", "பொருந்தாது" என்று ஒற்றைச் சொல் இருந்தால் அந்தப் பக்கத்தை நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வடசென்னை அனல்மின் நிலையத்தில் முதல் கட்டம் 630 மெகாவாட், இரண்டாம் கட்டம் 1,200, 2024-இல் தொடங்கிவைக்கப்பட்ட மூன்றாம் கட்டம் 800. வல்லூரில் 1,500. ஆக, கொற்றலை ஆற்றின் கழிமுகத்தைச் சுற்றி மட்டும் 4,130 மெகாவாட். இத்தனைக்கும் நடுவில் நின்றுகொண்டு "பொருந்தாது" என்று எழுத ஒரு துணிச்சல் வேண்டும்.

அடுத்து, பொருட்களின் கணக்கு. நிலக்கரித் திட்டம் என்றால் இதை நீங்களே போட்டுப் பார்க்கலாம். 660 மெகாவாட் அலகு 85 சதவீதத் திறனில் ஓடினால் நாளுக்குச் சுமார் 1.35 கோடி யூனிட். உள்நாட்டு நிலக்கரி யூனிட்டுக்கு 0.65 கிலோ என்று வையுங்கள்: 8,750 டன். அதில் 34 சதவீதம் சாம்பல் என்றால் ஏறக்குறைய 3,000 டன், 20 டன் லாரியில் நாளுக்கு 150 நடை. இறக்குமதி நிலக்கரி என்றால் சாம்பல் இதில் கால் பங்குக்கும் கீழே போய்விடும். அதனால்தான் எரிபொருள் எது என்பதை அறிக்கை உறுதியாகச் சொல்கிறதா, "உள்நாட்டு அல்லது இறக்குமதி" என்று நழுவுகிறதா என்று பார்க்கச் சொல்கிறேன். காற்றுக் கணக்கை இறக்குமதி நிலக்கரிக்குப் போட்டுவிட்டு, செலவுக் கணக்கை உள்நாட்டு நிலக்கரிக்குப் போட்டிருந்தால் அங்கேயே பிடிக்கலாம். போக்குவரத்து அத்தியாயத்தில் அந்த 150 லாரியும் திரும்பி வரும் 150-உம் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். 4,130 மெகாவாட்டும் இதே கணக்கில் ஓடினால் சாம்பல் மட்டும் நாளுக்கு 18,000 டன்னைத் தாண்டும். காகிதத்தில் முழுவதும் சிமெண்டுக்கும் செங்கல்லுக்கும் போய்விடும். தரையில் அது தண்ணீரோடு கலந்த குழம்பாகக் குழாயில் சாம்பல் குளத்துக்குப் போகிறது. குழாய் துருப்பிடித்து மூட்டில் கசிந்தால் நேராக ஆற்றில். செப்பாக்கத்திலும் கழிமுகத்திலும் சாம்பல் படிந்து கிடப்பது இப்படித்தான். ஆற்றில் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிப்பவர்களின் கால் முன்பு சேற்றில் பதிந்தது, இப்போது சாம்பலில் பதிகிறது. எனவே அறிக்கையில் தேட வேண்டியது, குழாயின் வயது, மாற்றும் ஆண்டு, கசிவைக் கண்டதும் எத்தனை மணி நேரத்தில் ஓட்டத்தை நிறுத்துவார்கள் என்ற உறுதிமொழி. "நவீனத் தொழில்நுட்பம் பின்பற்றப்படும்" என்ற வாக்கியம் உறுதிமொழி ஆகாது.

சுடுநீரிலும் இதே மாதிரி ஒரு நுட்பம் உண்டு. கடல்நீரில் குளிர்விக்கும் கடலோர அனல்மின் நிலையம் விடும் சுடுநீரால், அது போய்ச் சேரும் நீரின் வெப்பம் அங்குள்ள இயல்பான வெப்பத்தைவிட 7 டிகிரிக்கு மேல் ஏறக்கூடாது என்பது விதி. அந்த 'இயல்பான' தண்ணீரே பக்கத்து ஆலையின் சுடுநீரால் ஏற்கனவே வெதுவெதுத்தது என்றால்? விதி மீறப்படவில்லை, மீன் குஞ்சு மட்டும் இல்லை. புகைபோக்கி வரம்பும் அப்படியே. புதிய அலகுக்கு ஒரு கன மீட்டர் புகையில் 30 மில்லிகிராம் தூசு என்று 2015 விதி சொல்கிறது. அது செறிவுக்கு வரம்பு, மொத்தத்துக்கு அல்ல. 660 மெகாவாட் அலகின் புகைபோக்கியில் மணிக்குச் சுமார் 20 லட்சம் கன மீட்டர் புகை என்றால், வரம்புக்குள் நின்றாலும் நாளுக்கு 1.4 டன் தூசு. பத்து அலகு வந்தால் 14 டன். பத்தும் சட்டப்படி சரி.

வளர்ச்சியின் எல்லை என்ற பெரிய பேச்சு உங்கள் ஊரில் தரை தொடுவது இந்த இடத்தில்தான். ஒவ்வோர் இயந்திரமும் முன்பைவிடச் சுத்தமாகிக்கொண்டே போகலாம். இயந்திரங்களின் எண்ணிக்கை அதைவிட வேகமாகக் கூடினால் மொத்தச் சுமை ஏறத்தான் செய்யும். ஹெர்மன் டாலி என்ற பொருளியலாளர் இதற்கு மூன்று அளவுகோல் சொன்னார். மீண்டும் வளர்வதை, வளரும் வேகத்துக்கு மேல் எடுக்காதே. தீர்ந்துபோவதை, மாற்று உருவாகும் வேகத்துக்கு மேல் எடுக்காதே. கழிவை, இயற்கை செரிக்கும் வேகத்துக்கு மேல் கொட்டாதே. மூன்றாவதை எண்ணூரில் வைத்துப் பாருங்கள். சாக்கடையின் கரிமக் கழிவைக் கழிமுகம் ஓரளவு செரிக்கும். அதற்கு அலை ஏறி இறங்க வேண்டும், முகத்துவாரம் திறந்திருக்க வேண்டும். சாம்பலோடு வரும் காட்மியம், ஈயம், ஆர்சனிக்கை எந்த ஆறும் செரிக்காது. சேற்றிலும் நண்டிலும் சேர்த்துத்தான் வைக்கும். அவற்றுக்கு மிச்ச இடம் தொடக்கத்திலிருந்தே பூஜ்யம்.

இந்த எண்ணம் ஏதோ வெளிநாட்டுச் சரக்கு என்று நினைக்க வேண்டாம். பழவேற்காட்டு ஏரியில் 'பாடு' முறை இருக்கிறது. இறாலுக்கு வலை கட்டும் இடங்கள் இத்தனைதான். உரிமையுள்ள குடும்பங்களுக்குள் சீட்டுப் போட்டு, யார் எந்த நாள் எந்தப் பாட்டில் வலை கட்டுவது என்று முறை வைத்துக்கொள்கிறார்கள். "உன் ஒரு வலையால் எவ்வளவு குறையும்" என்று அங்கே யாரும் கேட்பதில்லை. ஏரி எத்தனை வலை தாங்கும் என்பதை முதலில் முடிவு செய்துவிட்டு, பிறகுதான் பங்கு. தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை இதை அப்படியே தலைகீழாகச் செய்கிறது.

அரசாங்கமும் மொத்தத்தை எண்ணிப் பார்த்தது உண்டு. 2009-இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நாடு முழுக்க 88 தொழில் வட்டாரங்களுக்கு மாசுக் குறியீட்டெண் போட்டது. 70-ஐத் தாண்டினால் 'மிக மோசமாக மாசடைந்த பகுதி'. மணலிக்கு 76.32. 2010 ஜனவரியில் அப்படிப்பட்ட 43 இடங்களில் புதிய அனுமதிகளை நிறுத்திவைத்தார்கள். பிறகு, செயல்திட்டம் தந்தாயிற்று என்று தடையைத் தளர்த்திவிட்டார்கள். 2018 கணக்கெடுப்பில் மணலி 84.15. (கணக்கிடும் முறை நடுவில் மாறியது, அதனால் எட்டுப் புள்ளி கூடிவிட்டது என்று மேடையில் சொல்லாதீர்கள், எதிர்த் தரப்பு உடனே பிடித்துக்கொள்ளும். இரண்டு முறையுமே 70-க்கு மேல் என்று மட்டும் சொல்லுங்கள்.) அறிக்கையில் இந்தக் குறியீட்டெண் குறிப்பிடப்பட்டிருக்கிறதா என்று தேடுங்கள். பத்துக் கிலோமீட்டர் சுற்றளவு ஆய்வுப் பகுதிக்குள் மணலி வந்தும் அது இல்லையென்றால், அதுவே ஓர் ஆட்சேபணை.

நிலமும் தண்ணீரும். வரைபடத்தில் திட்ட இடம் 'தரிசு', 'புறம்போக்கு', 'குடியிருப்பு இல்லை' என்று இருக்கும். தண்ணீருக்குப் பட்டா கிடையாது. காட்டுக்குப்பத்துக்காரர் தலைமுறையாக வலை போடும் இடம் வருவாய்த் துறைப் பதிவேட்டில் வெறும் புறம்போக்குதான். கரையோரத்தில் எங்கே கட்டலாம், எங்கே கூடாது என்று காட்டும் கடலோர ஒழுங்குமுறை மண்டல வரைபடத்தைச் சர்வே எண்ணோடு கேட்டு வாங்குங்கள். 1996-இல் ஒப்புதல் பெற்ற வரைபடத்தில் எண்ணூர்க் கழிமுகம் கட்டுமானம் கூடாத பகுதி. பிறகு பயன்படுத்தப்பட்ட வரைபடத்தில் அது சுருங்கிவிட்டது என்பதுதான் 2017-இல் எழுந்த பெரிய சர்ச்சை. ஆகவே எந்த ஆண்டு வரைபடம் என்று கேட்காமல் விடக்கூடாது.

மண் போட்டு மேடாக்குவதற்கும் ஒரு கணக்கு. 1,000 ஏக்கர் சதுப்பை ஒரு மீட்டர் உயர்த்தினால் 40 லட்சம் கன மீட்டர் தண்ணீர் நிற்கும் இடம் போய்விடுகிறது. ஏறக்குறைய 143 மில்லியன் கன அடி, சோழவரம் ஏரியின் முழுக் கொள்ளளவில் எட்டில் ஒரு பங்கு. பூண்டியில் திறந்துவிடும் உபரி நீர் கொற்றலை வழியாக இங்கேதான் கடலுக்கு வர வேண்டும். 330 ஏக்கரில் இருக்கும் காட்டுப்பள்ளித் துறைமுகத்தைச் சுமார் 6,100 ஏக்கருக்கு விரிக்கும் திட்டத்தில் ஊர்க்காரர்கள் முதலில் கேட்டதும் இந்த வெள்ளக் கேள்வியைத்தான். அதற்கான கருத்துக்கேட்பு 2021-இலும் 2023-இலும் அறிவிக்கப்பட்டுத் தள்ளிவைக்கப்பட்டது. இடர் மதிப்பீட்டு அத்தியாயத்தில் தீ, வெடிப்பு, வாயுக் கசிவு தனித்தனியாக இருக்கும். வெள்ளமும் கசிவும் ஒரே நாளில் வந்தால் என்ன என்பது இருக்காது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியே எண்ணூர் முகத்துவாரம் வரை வந்தது. அதே மாதம் 26-ஆம் தேதி இரவு கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து பெரியகுப்பத்துக்காரர்கள் நள்ளிரவில் ஓடினார்கள். இந்த இரண்டு நாட்களும் அந்த அத்தியாயத்தில் உண்டா என்று கேளுங்கள்.

இனி கூட்டம். முப்பது நாள் முன்னறிவிப்பு கட்டாயம், ஒரு தமிழ் நாளிதழிலாவது வந்திருக்க வேண்டும். அறிக்கையின் சுருக்கம் தமிழில் கிடைக்க வேண்டும். முழு வரைவு அறிக்கை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் பார்வைக்கு இருக்க வேண்டும். ஆட்சியரோ, கூடுதல் மாவட்ட நிர்வாக நடுவர் நிலைக்குக் குறையாத ஒருவரோ தலைமை தாங்க வேண்டும். வீடியோ எடுக்க வேண்டும். இன்னொரு சிக்கல் நம் பகுதிக்கே உரியது: காட்டுப்பள்ளியும் அத்திப்பட்டும் திருவள்ளூர் மாவட்டம், கத்திவாக்கமும் எர்ணாவூரும் சென்னை மாவட்டம். திட்ட இடம் இரண்டு மாவட்டத்திலும் பரந்திருந்தால் இரண்டு கூட்டம். ஒரே மாவட்டத்தில் அடங்கிவிட்டால் ஒரு கூட்டம்தான், ஆற்றுக்கு இந்தக் கரையில் புகையைச் சுவாசிப்பவர் அந்தக் கரைக்குப் போய்த்தான் பேச வேண்டும். போக முடியாதவர்கள் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு எழுத்தில் அனுப்பலாம். அதற்கும் அதே மதிப்பு.

கூட்டம் வாக்கெடுப்பு அல்ல. ஆயிரம் பேர் "வேண்டாம்" என்று சொன்னாலும், அனுமதி தரலாமா என்று பரிந்துரைக்கும் நிபுணர் குழுவுக்கு அது ஒரு வரிதான்: "மக்கள் எதிர்ப்புத் தெரிவித்தனர்." வேலைவாய்ப்பு கேட்டுப் பேசினால் அது திட்டத்துக்கு ஆதரவாகப் பதிவாகிவிடும், இதை ஊரில் முன்கூட்டியே பேசிவைத்துக்கொள்வது நல்லது. ஆளுக்கு மூன்று நிமிடம் கிடைத்தால் பெரிது. எனவே ஆளுக்கு ஒரு பக்கம், ஓர் அட்டவணை என்று பிரித்துக்கொள்ளுங்கள். மனு இப்படி இருந்தால் போதும்: "பக்கம் 214, அட்டவணை 3.12-இல் பிஎம் 10 சராசரி 82 என்று உள்ளது. ஆண்டு வரம்பு 60. இந்தத் திட்டம் சேர்க்கும் 1.4-க்கு ஈடாக, இதே பகுதியில் எந்த அலகு, எந்தத் தேதிக்குள், எவ்வளவு குறைக்கும்? அனுமதி பெற்றுக் கட்டப்பட்டுவரும் மற்றத் திட்டங்களின் அளவைச் சேர்த்து மீண்டும் கணக்கிட்டுத் தர வேண்டும்." இரண்டு பிரதி எடுத்துப் போய், ஒன்றில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். எழுப்பிய ஒவ்வொரு கேள்விக்கும் இறுதி அறிக்கையில் நிறுவனம் பதில் தந்தாக வேண்டும்.

பலரும் கோட்டை விடுவது கடைசி அரை மணி நேரத்தில். எல்லோரும் பேசி முடித்ததும் நடவடிக்கைக் குறிப்பின் சுருக்கத்தைத் தமிழில் அங்கேயே படித்துக் காட்டி, அன்றே தலைமை அதிகாரி கையெழுத்திட வேண்டும் என்பது விதி. வெயிலில் உட்கார்ந்த களைப்பில் கூட்டம் அதற்குள் கலைந்துவிடும். நான்கு பேராவது இருந்து கேளுங்கள். விடுபட்டதை அந்த இடத்திலேயே சொல்லிச் சேர்க்க வையுங்கள்.

அதன் பிறகு, சுற்றுச்சூழல் அனுமதி விண்ணப்பங்களுக்கான மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் கோப்பு நகர்வதைக் கவனியுங்கள். நிபுணர் குழுவின் நிகழ்ச்சி நிரல் வந்ததும், கூட்டத்துக்கு முன்பே உங்கள் மனுவின் நகலைக் குழுவுக்கு அனுப்புங்கள். அறிக்கையில் வேண்டுமென்றே மறைத்ததோ பொய்யான தகவலோ இருந்தால் விண்ணப்பத்தை நிராகரிக்கவும், கொடுத்த அனுமதியை ரத்து செய்யவும் அறிவிக்கையிலேயே இடம் உண்டு. அனுமதி கிடைத்துவிட்டால் தென்மண்டலப் பசுமைத் தீர்ப்பாயம் சென்னையிலேயே இருக்கிறது. மேல்முறையீட்டுக்கு 30 நாள், தக்க காரணம் காட்டினால் இன்னும் 60 நாள். தொண்ணூற்று ஒன்றாவது நாள் போனால் எவ்வளவு நியாயமான வழக்கானாலும் எடுக்க மாட்டார்கள். நாள் எண்ணத் தொடங்குவது உத்தரவு வெளியே தெரிந்த தேதியிலிருந்து. ஆகவே நிறுவனம் அனுமதி பெற்ற விளம்பரத்தைப் பத்திரிகையில் போட்ட அன்று, அந்தப் பக்கத்தைத் தேதியோடு கத்தரித்து வைத்துக்கொள்ளுங்கள்.